போலீஸிலிருந்து ஓய்வு பெற்ற கிரவுன் விக்டோரியா: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழிமுறை

கடைசி ஃபோர்டு கிரவுன் விக்டோரியா கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் செயின்ட் தாமஸ் ஆலையிலிருந்து 2011 செப்டம்பரில் வெளிவந்தது. போலீஸ் ரோந்துக்கு ஓடி, பிறகு ஏலத்துக்கு வந்த அந்தப் பழைய கார்கள் இன்னமும் பட்டறைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. வருகிற கோளாறுகளும் பெரும்பாலும் அவையேதான். எஞ்சின் போய்விட்டது என்ற முடிவோடு இழுத்து வரப்படும் வண்டிகளில் பல, எஞ்சினைத் தொடாமலே சரியாகித் திரும்புகின்றன. இந்த வண்டிக்கு இரண்டே பகைகள். ஒன்று, நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓட விட்ட நேரம். மற்றொன்று, போலீஸ் கருவிகளைக் கழற்றியபோது அறுத்து விட்டுவிட்டுப் போன வயர்கள். எந்த அறிகுறியானாலும் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு மற்றதற்குப் போனால் பாதிச் செலவு மிச்சம்.

## ஸ்பேனரைத் தொடுமுன்

சேசிஸ் எண்ணின் 5, 6, 7-வது இடங்களில் பி71 என்று இருந்தால் அது போலீஸ் மாடல். 2010-லிருந்து அது பி7பி. எட்டாவது எழுத்து எரிபொருள் வகையைச் சொல்லும். டபிள்யூ என்றால் பெட்ரோல், வி என்றால் எத்தனாலும் ஏற்கும் எஞ்சின். இரண்டும் 4.6 லிட்டர் வி8தான்.

அடுத்து ஆண்டு. 1998-ல் வண்டியின் உருவத்தை மாற்றியபோது பின் ஆக்சிலைப் பிடிக்க வாட்ஸ் லிங்கேஜ் வந்தது. 2003-ல் வெளித்தோற்றம் ஏறக்குறைய அப்படியே இருக்க, அடியில் முன் சட்டம் (ஃபிரேம்) புதிதாயிற்று; பழைய ஸ்டியரிங் பெட்டி போய் ரேக் அண்ட் பினியன் வந்தது. பார்வைக்கு ஒன்றாக இருக்கும் 2002 வண்டியின் முன்பக்க உதிரிபாகம் 2003 வண்டியில் உட்காராது. கடைக்குப் போகுமுன் ஆண்டை உறுதி செய்துகொள்ளுங்கள்.

2006 முதல் வந்த டேஷ்போர்டில் எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு தெரியும். ஓடிய கிலோமீட்டரை அந்த மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள். விடை 30-க்குக் கீழே இருந்தால் அந்த வண்டி சாலையோரம் நின்றபடியே காலம் கழித்த வண்டி. நின்றபடி ஓடும் ஒரு மணி நேரம் 33 மைல், அதாவது சுமார் 53 கி.மீ. ஓடியதற்குச் சமம் என்பது ஃபோர்டு போலீஸ் வண்டிகளுக்குச் சொல்லும் கணக்கு. 3,000 மணி நேரம் நின்றபடி ஓடியிருந்தால் மீட்டரில் காணும் தூரத்தோடு 1,59,000 கி.மீ.யைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஏலத்தில் வண்டி எடுக்கிறவர்கள் மீட்டரில் காணும் தூரத்தை மட்டும் பார்த்து மயங்குவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப், எஞ்சின் கணினி பதிவுசெய்த கோளாறு எண்ணை (கோட்) படிக்கும் சாதாரண ஸ்கேனர், நல்ல ஜாக்கி, அதோடு வண்டியைத் தாங்க இரண்டு ஸ்டாண்டு. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

## அறிகுறி: இரவு நிறுத்தினால் காலையில் பேட்டரி காலி

இந்த வண்டியின் தலையாய நோய் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பேட்டரி. டெர்மினல்களைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். இரவு முழுக்க சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைக் கடையில் லோடு போட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து ஆல்டர்னேட்டர். எஞ்சின் ஓடும்போது டெர்மினலில் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 13-க்குக் கீழ் என்றால் பெல்ட், பின்பக்கத் தடித்த வயர், அதன் ஃபியூஸ் இணைப்பு, ஆல்டர்னேட்டர் என்று அந்த வரிசையில் போங்கள். ஆல்டர்னேட்டரின் மேல் காய்ந்த கூலன்ட் கறை தெரிந்தால் அதை மாற்றுவதோடு நிற்காதீர்கள்; கூலன்ட் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு மாற்றுங்கள். இல்லையென்றால் புதியதும் அதே வழியில் போகும்.

இரண்டும் நன்றாக இருந்தால் மின்சாரம் எங்கோ ஒழுகுகிறது. பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலைக் கூர்ந்து பாருங்கள். ஆலையிலிருந்து வந்த வயர்கள் ஒரே கட்டாகச் சுற்றப்பட்டு ஒழுங்காகப் போகும். போலீஸ் கருவிகளுக்காகப் பிற்பாடு போட்ட வயர் அந்தக் கட்டில் சேராமல், விரல் தடிமனில் சிவப்பாகத் தனியே வந்து உட்கார்ந்திருக்கும். சில அங்குலம் தள்ளி ஒரு பிளாஸ்டிக் ஃபியூஸ் பெட்டி; வெப்பத்தில் அதன் ஓரம் உருகி வளைந்திருப்பதையும் பார்க்கலாம். அந்த வயர் எஞ்சின் அறைச் சுவரைத் துளைத்து உள்ளே போய், மிதியடிக்கு அடியில் ஓடி, டிக்கி வரை நீளும். டிக்கியில் வயர்லெஸ் கருவியும் சைரன் பெட்டியும் இருந்த இடத்தில் அதன் மறுமுனை வெறும் டேப் சுற்றிக் கிடக்கும். காலப்போக்கில் டேப்பின் பசை இளகி நழுவும், செம்பு வெளியே வரும். பாடியில் பட்டால் சில நேரம் ஒழுக்கு, சில நேரம் தீ.

ஆகவே முதல் வேலை: அந்தக் கூடுதல் வயர்கள் எல்லாவற்றையும் பேட்டரி முனையிலேயே கழற்றிவிடுங்கள். அதன் பிறகும் மறுநாள் பேட்டரி இறங்குகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் கதை இத்தோடு முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் ஒழுக்கை அளக்க வேண்டும். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இடையில் மாட்டுங்கள். ஃபியூஸ் பெட்டியை எட்டுவதற்காகக் கதவு திறந்திருக்க வேண்டும். ஆனால் கதவு மூடியிருப்பதாக வண்டி நம்ப வேண்டும். பூட்டின் நாக்கை ஒரு ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி விட்டால் போதும். அரை மணி நேரம் காத்திருங்கள். வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உறங்க அவ்வளவு நேரமாகும். பிறகு 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஒழுக்கு உண்டு. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் விழுகிறதோ அந்த வழிதான். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

ஸ்டியரிங் தண்டுக்கு அருகிலும், முன் கதவுக்கு முன்னால் உள்ள தூணில் தேடுவிளக்கு இருந்த இடத்திலும், இரண்டு முன் இருக்கைகளுக்கு நடுவிலும் உள்ள இணைப்புகளைக் குறிப்பாகப் பாருங்கள். கத்தியால் தோலுரித்து, வேறு வயரைச் சுற்றி, மேலே டேப் ஒட்டிய இணைப்பு எதுவானாலும் பிரித்து, ஈயம் வைத்து, சுருங்கு குழாய் போட்டு மூடுங்கள்.

ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழைக்கும் கட்டம்: ஒழுக்கு ஆலையிலிருந்து வந்த ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியின் வழியே போனால், அல்லது தேடும் வழியில் மஞ்சள் உறை போட்ட வயர் குறுக்கிட்டால். மஞ்சள் உறை ஏர்பேக்குடையது. அதில் மீட்டர் முனையை வைக்காதீர்கள்.

## அறிகுறி: ஸ்டார்ட் ஆகவில்லை

### சாவி திருப்பினால் ஸ்டார்ட்டரே சுற்றவில்லை

பேட்டரியும் டெர்மினலும் சரியாக இருக்கின்றன என்றால் கியரை நியூட்ரலில் வைத்து முயலுங்கள். பார்க்கில் சுற்றாமல் நியூட்ரலில் சுற்றினால், கியர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சென்சாரோ, கியர் கம்பியின் அமைப்போ விலகியிருக்கிறது. இரண்டிலும் சுற்றவில்லை என்றால் ரிலே, பிறகு ஸ்டார்ட்டர்.

### ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

சாவியை ஆன் நிலையில் வைத்துக் காது கொடுங்கள். பின்பக்கத்திலிருந்து ஓரிரண்டு விநாடி பம்ப் முனகும் ஓசை வர வேண்டும்.

ஓசை வரவில்லையென்றால் நேராக டிக்கிக்குப் போங்கள். இடப்பக்க ஓரத்தில் மோதல் நேர்ந்தால் எரிபொருளை நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறது. அதன் தலையில் சிவப்புப் பொத்தான். பலமான குலுக்கலில் அது துள்ளி மேலே வரும். டிக்கியில் அடுக்கிய கனமான பெட்டி இடித்தாலும் வரும். பெட்ரோல் நாற்றம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அதை அழுத்திவிடுங்கள். இழுவை வண்டிக்குப் பணம் கொடுத்து வந்து சேர்ந்தவர்களுக்கு இந்தப் பொத்தானை அழுத்திக் கொடுத்து அனுப்புவது பட்டறைகளில் வழக்கமான காட்சி. நாற்றம் இருந்தால் எதையும் அழுத்தாமல் வண்டியை விட்டு விலகி நில்லுங்கள்.

சுவிட்ச் சரியாக இருந்தால் பம்பின் ஃபியூஸ், ரிலே. அதன் பிறகுதான் பம்ப். பம்ப் டேங்குக்குள் இருக்கிறது. டேங்கை இறக்காமல் மாற்ற முடியாது. இது பட்டறை வேலை. காரணம் உழைப்பு மட்டுமல்ல. இந்த வண்டியில் டேங்க் பின் ஆக்சிலுக்குப் பின்னால் நிற்கிறது. நின்றிருந்த ரோந்து வண்டிகளைப் பின்னாலிருந்து அதிவேகத்தில் வந்த வண்டிகள் மோதியபோது டேங்க் கிழிந்து தீப்பற்றிப் போலீசார் உயிரிழந்தனர். அதன் பிறகு 2002-ல் டேங்கையும் சுற்றியுள்ள கூர்மையான பாகங்களையும் மறைக்கும் தடுப்புகளை ஃபோர்டு போலீஸ் வண்டிகளுக்கு அளித்தது. டேங்கையோ ஆக்சிலையோ யார் கழற்றினாலும் அந்தத் தடுப்புகள் திரும்ப மாட்டப்பட்டிருக்கின்றனவா என்று நீங்களே குனிந்து பாருங்கள். டிக்கியின் முன்சுவரில் ஸ்பீக்கர் பெட்டி மாட்ட நீண்ட திருகாணி இறக்குவதும் கூடாது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் டேங்க்.

பம்ப் ஓசை வந்தும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் எரிபொருள் ஃபில்டரை மாற்றிவிட்டு ஸ்கேனரை மாட்டுங்கள்.

## அறிகுறி: எஞ்சின் மிஸ் ஆகிறது, இழுவை இல்லை

எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டுவதை நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய்ச் சின்னச் செலவைப் பெரிய செலவாக்கிவிடும்.

### பி0301 முதல் பி0308 வரை ஏதாவது கோட்

கடைசி எண்தான் சிலிண்டர். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் வலப்பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 2, 3, 4. இடப்பக்கம் 5, 6, 7, 8. ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது. சந்தேகப்படும் காயிலைப் பக்கத்து சிலிண்டரோடு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோட் கூடவே நகர்ந்தால் காயில் போயிற்று. நகரவில்லையென்றால் பிளக், பிறகு இன்ஜெக்டர். எட்டுக் காயிலையும் ஒரே மூச்சில் மாற்றச் சொல்கிறவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

காயிலைத் தூக்கியதும் டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். ஈரம் பளபளத்தால் துடைத்து, விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். இனிப்பு வாடை என்றால் கூலன்ட். எண்ணெய் என்றால் வால்வ் கவர் கேஸ்கெட். வெறும் தண்ணீர் என்றால் யாரோ எஞ்சினை உயர் அழுத்தத்தில் கழுவியிருக்கிறார்கள். காற்றடித்துக் காயவைத்தால் போதும்.

பிளக் கழற்றுவதும் மாட்டுவதும் எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு மட்டுமே. ஹெட் அலுமினியம், பழைய ஹெட்களில் பிளக்கைப் பிடிக்கும் மரை மிகக் குறைவு.

### 'பட் பட்' என்று வெடியோசை, கூடவே இழுவை சுத்தமாகப் போயிற்று

அந்தக் குறைந்த மரை கிழிந்து பிளக் காயிலோடு வெளியே துள்ளியிருக்கிறது. உடனே அணைத்துவிடுங்கள். இதற்கு ஆள் தேவை. ஹெட்டில் துளையைப் பெரிதாக்கி உலோக மரைக்குழல் இறக்கும் கருவி உள்ளவராகப் பார்த்துக் கொடுங்கள். ஹெட்டையே மாற்ற வேண்டும் என்று சொன்னால் இன்னொரு பட்டறையில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பசை வைத்துத் திருகித் தருகிறேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

### பி0171, பி0174 இரண்டும் சேர்ந்து

இரண்டு பக்கமும் காற்று அதிகம் என்று பொருள். எஞ்சினுக்குள் எங்கோ திருட்டுத்தனமாகக் காற்று நுழைகிறது. எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக்கின் பின்பக்கம், எஞ்சினின் உள் ஆவியைத் திருப்பி அனுப்பும் பிசிவி குழாயில் ஒரு சிறிய ரப்பர் வளைவு இருக்கிறது. வருடக்கணக்காக நின்றபடி ஓடிய எஞ்சினின் சூட்டில் அது இளகி, கையால் அழுத்தினால் களிம்பாக ஒட்டும். விலை சொற்பம், மாற்ற சில நிமிடம். அதுவும் சரியென்றால் காற்றை அளக்கும் சென்சாரை அதற்குரிய ஸ்பிரேயால் கழுவுங்கள்.

### சிக்னலில் நின்றால் அணைந்துபோகிறது

ஐடில் காற்றுக் கட்டுப்பாட்டு வால்வில் கரி சேர்ந்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள், தீரவில்லையென்றால் மாற்றுங்கள். கூடவே பி0401 கோட் இருந்தால் ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் அமைப்பு) அழுத்தத்தை அளக்கும் சென்சாரைப் பாருங்கள். அதன் இரண்டு ரப்பர் குழாய்கள் வெடித்திருந்தாலும் இதே கோட் வரும்.

## அறிகுறி: 60-80 கி.மீ. வேகத்தில் நடுக்கம்

பட்டை பட்டையாக வேகத்தடை போட்ட சாலையில் போவதைப் போல ஓரிரு விநாடி நடுங்கிவிட்டு நின்றுவிடும். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துச் சீராகப் போகும்போதுதான் வரும். இதை மிஸ்ஸிங் என்று நினைத்துப் பிளக், காயில் எல்லாம் மாற்றிப் பணத்தை விடுகிறவர்கள் அதிகம்.

ஆளில்லாத நேர்ச்சாலையில் இப்படிச் சோதியுங்கள். நடுக்கம் வரும் நொடியில், வலது காலை அசைக்காமல், இடது காலால் பிரேக் பெடலைப் பின்விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். அந்தத் தொடுதலில், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் பூட்டு விடுபடும். நடுக்கம் அந்த நொடியே நின்று, மிஸ்ஃபயர் கோடும் எதுவும் இல்லையென்றால் கோளாறு கன்வெர்ட்டர் பூட்டில். தொட்டும் தொடர்ந்தால் எஞ்சின் பக்கம் திரும்புங்கள்.

முதல் சிகிச்சை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில். மெர்கான் 5 வகை மட்டுமே. கீழ்த்தட்டை மட்டும் கழற்றி ஊற்றினால் பாதிக்கும் குறைவான எண்ணெய்தான் மாறும். மொத்தக் கொள்ளளவு சுமார் 13 லிட்டர். கன்வெர்ட்டரில் உள்ளதும் மாற வேண்டும், ஃபில்டரும் மாற வேண்டும். பல வண்டிகளில் இதுவே நடுக்கத்தை நிறுத்திவிடுகிறது. கழற்றிய தட்டில் உள்ள காந்தத்தைப் பாருங்கள். மாவு போன்ற சாம்பல் பூச்சு இயல்பு. நகத்தில் நெருடும் துகள்கள் இருந்தால் எண்ணெய் மாற்றி மேலும் செலவழிக்காமல் கியர்பாக்ஸ் பட்டறைக்குப் போங்கள். எண்ணெய் கருகி நாறினாலும் அப்படியே.

## அறிகுறி: கூலன்ட் குறைகிறது, சூடு ஏறுகிறது

சூட்டு முள் சிவப்பைத் தொட்டால் அந்த இடத்திலேயே அணைத்துவிடுங்கள். வீடு வரை ஓட்டிவிடலாம் என்ற எண்ணமே ஹெட் கேஸ்கெட்டைக் கொல்கிறது.

ஒழுகுகிறது என்றால் எளிதிலிருந்து தொடங்குங்கள்: மூடி, குழாய் கிளிப்புகள், ரேடியேட்டரின் பக்கப் பிளாஸ்டிக் தொட்டிகள், தண்ணீர் பம்ப். பிறகு இந்த எஞ்சினுக்கே உரிய இரண்டு இடங்கள்.

முதலாவது, ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இன்டேக் மேனிஃபோல்டின் குறுக்கே கூலன்ட் ஓடும் பாதை. 1996 முதல் 2001 வரை வந்த பல வண்டிகளில் அது முழுக்கப் பிளாஸ்டிக். அங்கே விரிசல் விழுவது அமெரிக்காவில் வழக்காடி ஒப்பந்தம் வரை போன விவகாரம். பின்னால் வந்தவற்றில் அந்தப் பகுதி அலுமினியம். பிளாஸ்டிக் உள்ள வண்டி என்றால் விரிசலுக்குப் பசை வைக்காமல் அலுமினியப் பாதை உள்ள மேனிஃபோல்டுக்கே மாறுங்கள். பொறுமையும் டார்க் ஸ்பேனரும் உள்ளவர் ஒரு நாளில் செய்துவிடலாம்.

இரண்டாவது, ஆயில் ஃபில்டர் உட்காரும் அடித்தளம். எஞ்சின் ஆயிலைக் கூலன்டால் குளிர்விக்கும் அமைப்பு போலீஸ் மாடலில் உண்டு. இரண்டும் அங்கே அருகருகே ஓடுகின்றன. அதன் கேஸ்கெட் காய்ந்தால் எஞ்சினின் முன் இடப்பக்கம் ஆயிலும் கூலன்டும் கலந்த குழம்பு வடிந்திருக்கும். கேஸ்கெட் மலிவு. கழற்றும்போது தளத்தைச் சுரண்டிக் கீறிவிடாமல் இருந்தால் போதும்.

ஒழுகாமலே சூடு ஏறுகிறது என்றால் நின்றால் ஏறி ஓடினால் இறங்குகிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால் மின்விசிறியின் ஃபியூஸ், ரிலே, இணைப்பு, மோட்டார். நெடுஞ்சாலையிலும் ஏறினால் தெர்மோஸ்டாட், பிறகு ரேடியேட்டர் அடைப்பு.

ஆள் அழைக்க வேண்டியது: ஆயில் அளவுகோலில் பால் கலந்த காபி நிறம், அல்லது புகைபோக்கியில் ஓயாத வெண்புகை.

## அறிகுறி: ஓட்டும்போதே ஹெட்லைட் அணைகிறது

இரண்டு விளக்கும் ஒரே நொடியில் போனால் அது பல்பு அல்ல. சற்று நேரம் கழித்துத் தானாக எரிந்தால் சரியாகிவிட்டது என்று விடாதீர்கள். உயிரோடு விளையாடும் கோளாறு இது.

அந்த நிமிடத்தில் கையில் உள்ள வழி: இண்டிகேட்டர் தண்டை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். பெரும்பாலும் ஹைபீம் எரியும். அந்த வெளிச்சத்தில் ஓரங்கட்டிவிடலாம்.

பிறகு பானெட்டைத் திறந்து ஹெட்லைட் வயர்களைப் பின்தொடருங்கள். போலீஸ் வண்டிகளில் ஹெட்லைட்டை மாறி மாறி மின்னவைக்கும் பெட்டி இந்த வயர்களை வெட்டித்தான் பொருத்தப்பட்டிருக்கும். பெட்டியைக் கழற்றியவர் வெட்டிய இடத்தை ஒழுங்காகச் சேர்க்காமல் போயிருந்தால் பச்சை பூத்த செம்பு உங்களுக்குக் கிடைக்கும். சேர்த்து ஈயம் வையுங்கள்.

வயர்கள் சுத்தமாக இருந்து, வண்டி 2003 அல்லது அதற்குப் பின்னதாகவும் இருந்தால் டேஷ்போர்டுக்குள் உள்ள விளக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் குற்றவாளி. குறிப்பாக 2003-2005 வண்டிகள். உள்ளே ஈயப் பற்று சூட்டில் வெடித்துவிடும். பழகிய கை மறுபடி பற்று வைத்துச் சரி செய்யும். இல்லையென்றால் பெட்டியை மாற்ற வேண்டும். போலீஸ் மாடலுக்குரிய எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

## அறிகுறி: ஸ்டியரிங் இறுகுகிறது, முன்பக்கம் 'டக்' என்கிறது

ஸ்டியரிங் ஒரு இடத்தில் பிடித்து விடுகிறது என்றால் நீங்கள் எதையும் கழற்ற வேண்டாம். பனிக்காலத்தில் உப்புத் தூவும் பகுதிகளில் ஓடிய 2005-2011 வண்டிகளில் ஸ்டியரிங்கின் கீழ் இணைப்புத் தண்டு துருப்பிடித்துப் பிரியலாம் என்று ஃபோர்டு 2013-ல் சுமார் 3,70,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கிரவுன் விக்டோரியாவோடு, அதே சட்டத்தில் வந்த உடன்பிறப்புகளான கிராண்ட் மார்க்விஸும் டவுன் காரும் அதில் அடக்கம். போலீஸிடமிருந்து ஏலத்துக்கும் ஏலத்திலிருந்து பல கைகளுக்கும் மாறியதில் இந்த வேலை செய்யப்படாமலே தப்பிய வண்டி உண்டு. சேசிஸ் எண்ணைக் கொடுத்து டீலரிடம் கேளுங்கள். பாக்கி இருந்தால் இலவசமாகச் செய்வார்கள். அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள்.

பள்ளத்தில் இறங்கினால் மட்டும் 'டக்' என்றால் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்க், அதன் புஷ், பிறகு கீழ் பால் ஜாயின்ட். ஜாக்கியைக் கீழ்க்கையின் அடியில், சக்கரத்துக்கு அருகே வைத்துத் தூக்குங்கள். டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பும்போது சக்கரம் மேலும் கீழும் ஆடினால் பால் ஜாயின்ட் போய்விட்டது. பக்கவாட்டில் ஆடினால் டை ராட். 2002 வரையிலான வண்டியில் ஐட்லர் ஆர்மையும் சேர்த்துப் பாருங்கள். பால் ஜாயின்டைத் தள்ளிப்போட வேண்டாம். அது விட்டுவிட்டால் சக்கரம் மடிந்துவிடும். மாற்றிய பிறகு அலைன்மென்ட் கட்டாயம்.

## அறிகுறி: பின்பக்கம் முனகல் அல்லது இடி

வேகத்தோடு ஏறும் முனகல், ஆக்சிலேட்டரை விட்டாலும் மாறாமல் இருந்தால் சக்கர பேரிங். இந்த ஆக்சிலில் பேரிங் தண்டின் மேலேயே நேரடியாக உருளுகிறது. ஆகவே பேரிங் போனால் தண்டிலும் பள்ளம் விழுந்திருக்கும். தண்டை வெளியே எடுத்து விரலால் தடவிப் பார்க்காமல் வெறும் பேரிங்கை மட்டும் மாற்றினால் ஆயில் சீல் மறுபடி ஒழுகும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் முனகினால் டிஃபரன்ஷியல். அது பட்டறைக்குரியது. லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) உள்ள வண்டியில் ஆயில் மாற்றும்போது அதற்குரிய சேர்மானமும் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் திருப்பங்களில் இழுத்து இழுத்துப் போகும்.

வண்டி வளையும்போது பின்னால் ஒரே ஒரு இடி விழுந்தால் வாட்ஸ் லிங்கேஜின் நடு போல்ட்டையும் புஷ்களையும் பாருங்கள். இறுக்கினாலே நின்றுவிடக் கூடியது.

## சிறிய அறிகுறிகள்

காற்று எந்த நிலையில் வைத்தாலும் முன்கண்ணாடிக்கே வீசுகிறதா? காற்றின் திசையை வெற்றிடக் குழாய்கள் மாற்றுகின்றன. வெற்றிடம் போனால் எல்லாம் கண்ணாடிக்குத் திரும்பிவிடும். பேட்டரியின் அருகே போகும் மெல்லிய கறுப்புக் குழாயைத் தேடுங்கள். அமிலம் பட்டு உதிர்ந்திருக்கும்.

மழைக்குப் பிறகு உள்ளே ஈரமா? கூரையில் ஆன்டெனாவுக்கும் விளக்கு வயருக்கும் போட்ட துளைகளின் ரப்பர் மூடிகள் சுருங்கியிருக்கும். மூடியைப் பிடுங்கி, துருவைத் தேய்த்து, பெயின்ட் பூசி, சீலன்ட் வைத்துப் புது மூடி போடுங்கள். தரையில் உள்ள ரப்பர் விரிப்பையும் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் அதன் அடியில் தேங்கித் தரைத் தகட்டைத் தின்றுகொண்டிருக்கும்.

பின்கதவு உள்ளிருந்து திறக்கவில்லை, கதவு திறந்தால் உள்விளக்கு எரியவில்லை என்றால் அவை கோளாறு அல்ல. கைதியை ஏற்றவும், இருட்டில் இறங்கும் அதிகாரி வெளிச்சத்தில் தெரியாமல் இருக்கவும் அப்படியே தயாரித்துக் கொடுத்தார்கள். ஆனால் குடும்பத்தை ஏற்றுமுன் பின்கதவின் உட்கைப்பிடிக் கம்பியை அவசியம் மாட்டிவிடுங்கள். விபத்தில் சிக்கினால் பின்னால் இருப்பவர் வெளியே வர அது ஒன்றுதான் வழி.

## எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது

எஞ்சினும் கியர்பாக்ஸும் மாற்றத்தக்கவை. வண்டியின் அடிச்சட்டம் அப்படியல்ல. வண்டியைத் தூக்கிப் பின் ஆக்சிலுக்கு மேலே சட்டம் வளையும் இடத்தையும், பின் கைகள் பொருந்தும் இடங்களையும், முன் சட்டத்தின் அடிப்பகுதியையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் செலவு செய்யலாம். மந்தமாகக் கேட்டு, துரு ஏடு ஏடாக உதிர்ந்து, ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்கினால் மேலே சொன்ன எந்த வேலையையும் தொடங்க வேண்டாம். தகடு ஒட்டி வெல்டிங் செய்து மறைத்த சட்டம் ஒன்ராறியோவின் பாதுகாப்புச் சான்றிதழ்ச் சோதனையில் நிற்பது கடினம். நின்றாலும் அதில் ஆளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போக நான் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட வண்டியின் எஞ்சின், கியர்பாக்ஸ், அலுமினிய மேனிஃபோல்டு, விளக்குப் பெட்டி ஆகியவற்றைக் கழற்றி விற்றுவிடுங்கள். நல்ல சட்டம் உள்ள வேறொரு கிரவுன் விக்டோரியா வைத்திருப்பவர் அவற்றைத் தேடிக்கொண்டிருப்பார்.